தருமபுரி டென்டல் அசிஸ்டென்ட் கோர்ஸ்: ஸ்டெரிலைசேஷனுக்கு முழு மார்க், எக்ஸ்ரேக்குப் பாதிதான்

தருமபுரி டவுனில் கம்யூனிட்டி காலேஜ் முறையில் நடக்கும் ஓராண்டு டென்டல் அசிஸ்டென்ட் சான்றிதழ் கோர்ஸைப் பற்றிய மதிப்பீடு இது. பிளஸ் டூ முடித்த பிள்ளையைச் சேர்க்கலாமா என்று யோசிக்கும் பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்துப் பெற்றோருக்காகவும், வேலைக்கு ஆள் தேடும் பல் டாக்டர்களுக்காகவும் எழுதுகிறேன். காலேஜ் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். இந்த மாதிரி கோர்ஸின் தரம் முழுக்க அதை நடத்தும் பொறுப்பாளர் கையில்தான் இருக்கிறது. அவர் மாறினால் அதே கட்டடத்தில், அதே போர்டுக்குக் கீழே, அடுத்த வருஷமே வேறு கோர்ஸ் நடக்கும். எதை எதைப் பார்த்து மார்க் போட வேண்டும் என்று தெரிந்துவிட்டால் கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ வேறு கோர்ஸைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் உதவும்.

சேர்க்கை நேரத்தில் எல்லோரும் கேட்பது, "படிச்சு முடிச்சா டென்டல் கவுன்சில்ல பதிவு பண்ணுவாங்களா?" என்பதைத்தான். 1948ஆம் ஆண்டு டென்டிஸ்ட்ஸ் சட்டம் பதிவேடு வைத்தது பல் மருத்துவர், டென்டல் ஹைஜீனிஸ்ட், செயற்கைப் பல் செய்யும் டென்டல் மெக்கானிக் ஆகிய மூவருக்கு. அசிஸ்டென்ட் அந்தப் பட்டியலில் இல்லை. பற்காரை எடுப்பது (ஸ்கேலிங்), பல்லைச் சுத்தம் செய்வது, பாலிஷ் போடுவது எல்லாம் ஹைஜீனிஸ்ட் வேலை என்று அதே சட்டம் சொன்னது. ஓராண்டு சான்றிதழை வைத்துக்கொண்டு ஸ்கேலிங் செய்யலாம் என்று எங்காவது ஆசை காட்டினால் அங்கே சேர்க்காதீர்கள். இந்தக் கோர்ஸில் அந்தக் கோடு தெளிவாகப் போடப்பட்டிருக்கிறது. அசிஸ்டென்ட் என்ன செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்று முதல் வாரமே ஒரு தாள் கொடுத்து, மாணவியிடமும் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள்.

பொறுப்பாளர் பி.டி.எஸ். படித்தவர், முழு நேரமும் காலேஜிலேயே இருப்பவர். இது பெரிய விஷயம். சொந்தக் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் வாரம் ரெண்டு மதியம் வந்து பாடம் எடுத்துவிட்டுப் போனால் தியரி முடியும், கைப்பழக்கம் வராது. அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜ்களின் டென்டல் அசிஸ்டிங் கோர்ஸ்களுக்கு அங்கீகாரம் தரும் கோடா என்ற அமைப்பு, குறைந்தது 900 மணி நேரப் பயிற்சி, அதில் 300 மணி நேரம் கிளினிக்கில் என்று விதி வைத்திருக்கிறது. கிளினிக் பயிற்சியிலும் எக்ஸ்ரே பயிற்சியிலும் 6 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். அந்த விதி நம்மைக் கட்டாது, ஆனால் அளந்து பார்க்க நல்ல அளவுகோல். இங்கே 24 பேர் கொண்ட பேட்சை ஆறு ஆறு பேராகப் பிரித்து, ஒரு குழு கருவிகளில் கிருமி நீக்கும் ஸ்டெரிலைசேஷன் அறை, ஒன்று டென்டல் சேர், ஒன்று லேப், ஒன்று ரிசப்ஷன் என்று வாரம் மாற்றிச் சுற்றவிடுகிறார்கள். லாக் புக்கில் ஒவ்வொரு வேலைக்கும் பார்த்தது, கூட நின்று உதவியது, தனியாகச் செய்தது என்று மூன்று கட்டம். மூன்றாவது கட்டத்தில் கையெழுத்து விழாதவரை அந்த மாணவியை வெளிக் கிளினிக் போஸ்டிங்குக்கு அனுப்புவதில்லை.

ஸ்டெரிலைசேஷன் அறைதான் இந்தக் கோர்ஸின் உயிர். அறை சின்னதுதான், ஆனால் வேலை ஒரே திசையில் ஓடுகிறது. அழுக்கு டிரே ஒரு பக்கக் கதவில் வருகிறது. கழுவுதல், பேக்கிங், ஆட்டோகிளேவ் (ஆவி அழுத்தத்தில் கிருமியைக் கொல்லும் எந்திரம்) முடிந்து மறுபக்க அலமாரிக்குப் போகிறது. அழுக்கு டிரே சுத்தமான மேசையைக் கடக்கும் சந்தர்ப்பமே கிடையாது. கழுவும்போது சாதாரண கிளவுஸ் போட்டிருந்தால் ஆசிரியர் உடனே நிறுத்திவிடுகிறார்; தடித்த யூட்டிலிட்டி கிளவுஸ்தான். எக்ஸ்ப்ளோரர், ஸ்கேலர் மாதிரி பல் கருவிகளின் கூர் முனை சாதாரண கிளவுஸைச் சுலபமாகக் குத்திவிடும். கையால் தேய்ப்பதைக் குறைக்க, ஒலி அதிர்வால் கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டி இருக்கிறது. ஃபோர்செப்ஸ், கத்தரிக்கோல் மாதிரி கீல் உள்ளவற்றைத் திறந்து வைத்துத்தான் போட வேண்டும், மூடியைப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். அலுமினியம் ஃபாயில் துண்டைத் தொங்கவிட்டு, எல்லா இடத்திலும் சீராகப் பொத்தல் விழுகிறதா என்று பார்க்கும் சோதனையையும் சொல்லித் தருகிறார்கள். ஒரு ஓரத்தில் மட்டும் பொத்தல் விழாமல் இருந்தால் அந்தப் பக்கத்தில் அதிர்வு தரும் டிரான்ஸ்டியூசர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

ஆட்டோகிளேவ் ரெண்டு வைத்திருக்கிறார்கள்: ஒன்று உள்ளே இருக்கும் காற்றைத் தானே உறிஞ்சிவிடும் வேக்யூம் உள்ள கிளாஸ் பி, இன்னொன்று குக்கர் மாதிரி மேலிருந்து மூடும் பழைய வகை. பழையதை ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள் என்றால், படித்துவிட்டுப் போகும் சின்னக் கிளினிக்குகளில் பலவற்றில் அதுதான் இருக்கும். அதில் நடக்கும் தவறு ஒன்றுதான், ஆனால் ஆபத்தானது. தண்ணீர் கொதித்ததும் வெளியேற்றும் வால்வை உடனே மூடிவிட்டால் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். அப்போது கேஜ் 15 பி.எஸ்.ஐ. அழுத்தம் காட்டும், உள்ளே வெப்பம் 121 டிகிரிக்கு வந்திருக்காது. காற்றும் ஆவியும் கலந்தால் அதே அழுத்தத்துக்கு வெப்பம் குறைவுதான். விட்டு விட்டு வரும் சீறல் நின்று, ஆவி ஒரே சீராக அடிக்கும்வரை வால்வைத் திறந்து வைத்திருந்து, மூடிய பிறகு அழுத்தம் 15ஐத் தொட்ட நிமிஷத்திலிருந்துதான் நேரம் கணக்கு. பொட்டலம் கட்டாத கருவிக்கு 15 முதல் 20 நிமிஷம், பேக் செய்ததற்கு 30. கிளாஸ் பி எந்திரத்தில் 134 டிகிரியில் மூன்று நான்கு நிமிஷம் போதும். உலர்த்தும் நேரம் தனி. பாதியில் கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடாது, முழு சைக்கிளும் முதலிலிருந்து. இதை வாயால் சொல்வதோடு விடாமல், லோடு ஓடும்போதே மெயினை அணைத்துவிட்டு யார் என்ன செய்கிறார்கள் என்று சோதிக்கிறார்கள். நல்ல முறை.

கருவி போட்ட காகிதப் பவுச்சை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நடுவில் ஆவி போகாது. ராக்கில் நிமிர்த்தி நிறுத்த வேண்டும். காகிதம் ஈரமாக இருக்கும்போதே எடுத்து அலமாரியில் வைத்தால் ஈரத்தின் வழியே கிருமி உள்ளே இறங்கும், அது மறுபடி அழுக்கானதற்குச் சமம். பொட்டலத்தின் மேல் ஒட்டும் இண்டிகேட்டர் டேப் கறுத்துவிட்டால் ஸ்டெரைல் ஆகிவிட்டது என்று நினைப்பதுதான் வெளியே எங்கும் பார்க்கும் தப்பு. டேப் சொல்வது இந்தப் பொட்டலம் சூட்டைப் பார்த்தது என்பதை மட்டும். பேக்கின் உள்ளே வைக்கும் கிளாஸ் 5 ஸ்ட்ரிப் வெப்பம், நேரம், ஆவி மூன்றையும் சேர்த்துச் சொல்லும். கிருமி உண்மையிலேயே செத்ததா என்று தெரிய சூட்டைத் தாங்கும் ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோபிலஸ் கிருமியை வைத்துச் செய்யும் ஸ்போர் சோதனை வாரம் ஒரு முறை. மூன்றுக்கும் தனித்தனிப் பதிவேடு உண்டு. சேர்க்கைக்குப் போகிறவர்கள் தயங்காமல் அந்த ஸ்போர் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எல்லா வாரமும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து என்றால் உட்கார்ந்து எழுதியது. இங்கே வாரத்துக்கு வாரம் கை மாறியிருக்கிறது, நடுவில் ஒரு ஃபெயில் ரிசல்ட்டும், அன்றைக்கு லோடைத் திரும்பப் பெற்ற குறிப்பும் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் முழு மார்க் போட்டேன்.

நம் ஊர்த் தண்ணீரை மனதில் வைத்துப் பாடம் நடத்துவது இன்னொரு நல்ல விஷயம். போர் தண்ணீரின் உப்பு ஆட்டோகிளேவ் ஹீட்டரில் படியும், சேஃப்டி வால்வை அடைக்கும், கருவியில் வெள்ளைத் திட்டாகத் தங்கும். கேன் தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கும், அதுவும் கூடாது. டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான். டென்டல் சேரிலும் அதே தொல்லை: அல்ட்ராசோனிக் ஸ்கேலரில் தண்ணீர் தெளிக்காமல் சொட்டினால் முனை சூடாகிப் பல்லைச் சுடும். அதனால் சேருக்கும் தனி பாட்டில் தண்ணீர். காலையில் முதல் பேஷண்டுக்கு முன் லைனை 2 நிமிஷமும், ஒவ்வொரு பேஷண்டுக்குப் பிறகு 20, 30 விநாடியும் ஓடவிடுகிறார்கள். ராத்திரி முழுக்கக் குழாய்க்குள் நின்ற தண்ணீர் அடுத்தவர் வாய்க்குள் போகக்கூடாது.

பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸ் விஷயத்தில் வரிசை மாறினால் ஆயிரக்கணக்கில் செலவு. வாயிலிருந்து எடுத்ததும் தண்ணீர் ஓடவிட்டு, துடைத்து, கழற்றி, எண்ணெய் விட்டு, அதிக எண்ணெய் வெளியேற ஒரு தடவை ஓட்டி, பவுச்சில் போட்டு ஆட்டோகிளேவ். எண்ணெய் மிஞ்சினால் உள்ளேயே கருகி பேரிங் பிடிக்கும். அல்ட்ராசோனிக்கிலோ குளுட்டரால்டிஹைடு கிருமிநாசினியிலோ ஹேண்ட்பீஸை முக்கக்கூடாது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து அடுத்த பேஷண்டுக்குக் கொடுப்பதும் கூடாது. உமிழ்நீரும் ரத்தமும் உள் குழாய்க்குள் உறிஞ்சப்படும், மேலே துடைத்து அது போகாது.

சேர் பக்கப் பயிற்சி சுமாருக்கு மேல். பேஷண்டின் தலைப்பக்கத்தை 12 மணி என்று வைத்துக்கொண்டால், டாக்டர் வலக்கைக்காரராக இருக்கும்போது அசிஸ்டென்ட் உட்கார வேண்டியது கடிகார முள்ளில் 2 மணிக்கும் 4 மணிக்கும் நடுவில், டாக்டரைவிட 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரத்தில். கருவி கைமாறும் இடம் 4க்கும் 7க்கும் நடுவில், பேஷண்ட் முகத்துக்கு மேலே இல்லாமல் நெஞ்சுக்கு மேல். இடது கைச் சுண்டு விரலால் பழைய கருவியை வாங்கிக்கொண்டு, அதே கையின் கட்டை விரல், ஆள்காட்டி விரலால் புதியதை வைக்க வேண்டும். வலக்கையில் எச்சிலையும் தண்ணீரையும் உறிஞ்சும் சக்ஷன் நிற்கும். சக்ஷன் முனையை ஹேண்ட்பீஸ் உள்ளே வருவதற்கு முன்பே வைத்துவிட வேண்டும். முனையின் சாய்வு வெட்டு பல்லின் பக்கத்துக்கு இணையாக இருக்க வேண்டும். நாக்கின் பின்புறமோ அண்ணமோ பட்டால் குமட்டும். எல்லாவற்றையும் ஃபேன்டம் தலையில் (பயிற்சிக்கான பொம்மைத் தலை) பழக்குகிறார்கள். குறை என்னவென்றால் ஃபேன்டம் தலை துப்பாது, தலையைத் திருப்பாது. நிஜ பேஷண்டிடம் சக்ஷன் பிடிக்கும் வாய்ப்பு ஏழாம் மாதம்தான் வருகிறது. ஐந்தாம் மாதத்துக்கு அதை முன்னால் கொண்டுவரலாம்.

மெட்டீரியல் பாடத்தில் தருமபுரி வெயிலையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். பல் அளவு எடுக்கும் ஆல்ஜினேட் பவுடருக்கு 21 முதல் 23 டிகிரித் தண்ணீர் வேண்டும். சித்திரை மாசத்தில் மொட்டைமாடி டேங்க் தண்ணீரில் கலந்தால் டிரேயை வாய்க்குள் வைப்பதற்குள் இறுகிவிடும். உப்புத் தண்ணீரும் இறுகும் நேரத்தைக் கெடுக்கும். அதனால் டிஸ்டில்ட் வாட்டரை ஃப்ரிட்ஜில் வைத்து, தெர்மாமீட்டரில் பார்த்துக் கலக்கச் சொல்கிறார்கள். சாதாரண வகைக்கு ஒரு நிமிஷம், சீக்கிரம் இறுகும் வகைக்கு 45 விநாடி கலக்க வேண்டும், கிண்ணத்தின் சுவரில் அழுத்தித் தேய்த்து, காற்றுக் குமிழ் போகும்படி. டின்னைத் திறந்தே விட்டால் பவுடர் ஈரத்தை இழுத்துக்கொண்டு கெடும். எடுத்த அளவைக் கழுவி, ஹைப்போகுளோரைட் கிருமிநாசினி தெளித்து, ஈரப் பஞ்சில் சுற்றி, கால் மணிக்குள் ஸ்டோன் (அச்சு வார்க்கும் கெட்டி மாவு) ஊற்றிவிட வேண்டும். நேரமானால் தண்ணீர் ஆவியாகி அளவு சுருங்கும், கேப் பொருந்தாது. ஸ்டோனுக்கு 100 கிராமுக்குச் சுமார் 30 மில்லி தண்ணீர், பிளாஸ்டருக்கு 45 முதல் 50 மில்லி. கண்மதிப்பில் ஊற்ற விடுவதில்லை, தராசும் அளவுக் குழாயும் ஒவ்வொரு மேசையிலும் உண்டு.

பல் அடைக்கவும் கேப் ஒட்டவும் பயன்படும் கிளாஸ் அயனோமர் சிமென்டில் ரெண்டு விஷயம் கறாராகப் பார்க்கிறார்கள். திரவ பாட்டிலை நேர் செங்குத்தாகக் கவிழ்த்துத்தான் சொட்டு விட வேண்டும்; சாய்த்தால் காற்றுக் குமிழோடு சின்னச் சொட்டு விழும், கலவை கெட்டியாகிவிடும். கலந்த சிமென்டில் பளபளப்பு போய்விட்டால் எறிந்துவிட வேண்டும், அது பல்லில் ஒட்டாது. டாக்டர் அவசரப்படுத்தினாலும் அதைக் கையில் கொடுக்கக்கூடாது என்று மாணவிகளைப் பழக்கியிருப்பது பாராட்டத் தக்கது.

பல் கறை தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்திலும் பல் கிளினிக் வாசலுக்கு வரும் தினசரிக் கேள்வி. நிலத்தடி நீரில் ஃபுளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டும் ஊர்கள் இங்கே நிறைய இருந்ததால்தான் ஒகேனக்கல் குடிநீர் மற்றும் ஃபுளூரோசிஸ் தடுப்புத் திட்டமே வந்தது. எனாமல் உருவாகும் வயதில், சுமார் எட்டு வயது வரைக்கும், அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைக்குத்தான் இந்தக் கறை வரும். அது எனாமலுக்குள்ளேயே இருக்கிறது, ஸ்கேலிங்கில் போகாது. ரிசப்ஷனில் உட்காரும் அசிஸ்டென்ட் "கிளீன் பண்ணா போயிடும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் டாக்டருக்கும் பேஷண்டுக்கும் மனஸ்தாபம்தான். இந்தக் கோர்ஸில் மைக்ரோஅப்ரேஷன் (எனாமலின் மேல்பரப்பை மெல்லத் தேய்ப்பது), பிளீச்சிங், காம்போசிட் (பல் நிற அடைப்பு), வெனீர் (பல் மேல் ஒட்டும் மெல்லிய ஓடு) எந்த எந்த அளவு கறைக்கு என்று படத்தோடு காட்டுகிறார்கள். ஷேடு, அதாவது பல் நிறம் பார்ப்பதை, பல்லைச் சுற்றி ரப்பர் டேம் என்ற ரப்பர் திரை போடுவதற்கு முன், பல் ஈரமாக இருக்கும்போதே, பகல் வெளிச்சத்தில் முடிக்கச் சொல்கிறார்கள். உலர்ந்த பல் வெளுத்துத் தெரியும், அந்த நிறத்துக்குப் பொருத்தினால் சாயங்காலம் வித்தியாசம் தெரியும். கறையுள்ள பல்லுக்குத் தாளில் பல்லை வரைந்து எந்த இடத்தில் வெள்ளைத் திட்டு, எந்த இடத்தில் பழுப்பு என்று குறித்து லேபுக்கு அனுப்பும் பயிற்சியும் உண்டு. மற்ற ஊர்ப் பாடத்திட்டத்தை அப்படியே எடுத்து நடத்தினால் இது வராது.

எக்ஸ்ரேயில்தான் சறுக்கல். 24 பேருக்கு, வாய்க்குள் வைத்து டிஜிட்டல் எக்ஸ்ரே எடுக்கும் ஆர்.வி.ஜி. சென்சார் ஒன்றே ஒன்று, அதன் ஒயரும் கடிபட்டு ஒட்டுப் போட்டது. சென்சார் ஹோல்டர் இருந்தும் எடுத்துப் பயன்படுத்துவதில்லை. பேஷண்டின் விரலாலேயே பிடிக்கச் சொல்கிறார்கள். கோணம் கையில் நிற்காது. செங்குத்துக் கோணம் குறைந்தால் பல் நீண்டு தெரியும், கூடினால் குட்டையாகும், கிடைக்கோணம் தப்பினால் பக்கத்துப் பல்லோடு ஒட்டித் தெரியும். வேர் சிகிச்சையில் நீளம் அளக்க அந்தப் படம் உதவாது. தப்பான படத்துக்கு மறுபடி ஒரு எக்ஸ்போஷர். இதைவிடக் கவலை தருவது மாணவிகள் நிற்கும் இடம். குழாயிலிருந்து 2 மீட்டர் தள்ளி, கதிர் போகும் திசைக்கு 90 முதல் 135 டிகிரிப் பக்கவாட்டில் நிற்க வேண்டும், முடிந்தால் சுவருக்குப் பின்னால். இங்கே சேர் அறையிலேயே எந்திரம் இருப்பதால் குழுவில் பாதிப்பேர் கதவருகில், கதிரின் நேர்ப் பாதையிலேயே நிற்கிறார்கள். தரையில் டேப் ஒட்டி நிற்கும் இடத்தைக் குறித்தாலே பாதிப் பிரச்னை தீரும். கதிரைத் தடுக்கும் லெட் (ஈய) ஏப்ரனையும் மடித்துப் போட்டு வைத்திருக்கிறார்கள். மடிப்பில் விரிசல் விழும், தொங்கவிட வேண்டும். சேர்வதற்கு முன் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதிச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். இங்கே சுவரில் மாட்டியிருக்கிறார்கள்.

கழிவு பிரிப்பது 2016 மருத்துவக் கழிவு விதிப்படி சரியாக நடக்கிறது: ரத்தப் பஞ்சும் பிடுங்கிய பல்லும் மஞ்சளில், கிளவுஸும் ஊசி எடுத்த சிரிஞ்சும் சிவப்பில், ஊசியும் பிளேடும் குத்தினாலும் துளைக்காத வெள்ளை டப்பாவில், மருந்துக் குப்பி நீலத்தில். வெள்ளி அடைப்பு வைத்த பல்லை மட்டும் மஞ்சளில் போட்டுவிடுகிறார்கள். மஞ்சள் பை எரியூட்டும் இடத்துக்குப் போகும், அங்கே அடைப்பிலுள்ள பாதரசம் ஆவியாகும். அதற்குத் தனி மூடி டப்பா வேண்டும். மரத்துப்போகும் ஊசி மருந்தின் 30 மில்லி குப்பியில் திறந்த தேதி எழுதும் பழக்கம் இருக்கிறது, 28 நாளில் தூக்கிப் போடுகிறார்கள். ஊசி மூடியை ரெண்டு கையால் போடாமல் டிரேயில் வைத்து ஒரே கையால் கோரி எடுக்கும் முறை எல்லா மாணவிக்கும் கைவந்திருக்கிறது.

போஸ்டிங் மூன்று மாதம், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் கிளினிக்குகளில். பொறுப்பாளரே நேரில் போய்ப் பார்க்கிறார். மாணவியைத் தரை துடைக்கவும் டீ வாங்கவும் அனுப்பிய ஒரு கிளினிக்கைப் பட்டியலிலிருந்து எடுத்திருக்கிறார்கள். ஓசூர்ப் பக்கம் போகிறவர்களுக்காகப் பல் பிடுங்கிய பின் சொல்ல வேண்டியதைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் பழக்குகிறார்கள்: பஞ்சை அரை மணி நேரத்துக்கு மேல் கடித்திருக்க வேண்டும், துப்பக்கூடாது, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக்கூடாது, 24 மணி நேரம் கொப்பளிக்கக்கூடாது. துப்பினால் ரத்தக் கட்டி பெயர்ந்து மறுபடி ரத்தம் வரும் என்ற காரணத்தையும் சேர்த்தே சொல்ல வைக்கிறார்கள், காரணம் தெரிந்த பேஷண்ட்தான் கேட்பார்.

பெற்றோர் ஒன்றை மட்டும் காலேஜை நம்பி விட வேண்டாம். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதம் என்று மூன்று டோஸ். சேர்ந்த வாரமே முதல் டோஸ் போட்டால்தான் ஏழாம் மாதம் நிஜ பேஷண்டிடம் போவதற்குள் மூன்றும் முடியும். அதன் பிறகு ஒன்றிரண்டு மாதத்தில் தடுப்பு சக்தி வந்ததா என்று காட்டும் ஆன்டி எச்.பி.எஸ். ரத்தப் பரிசோதனை செய்து 10 mIU/mlக்கு மேல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே தடுப்பூசி ஃபீஸில் சேரவில்லை, நினைவூட்டுவதும் ரெண்டாம் மாதம்தான். ஊசி குத்திவிட்டால் விரலைப் பிதுக்காமல் சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவி, நேரே மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. அந்தச் செலவையும் அலைச்சலையும் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை அட்மிஷன் ஃபாரத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறார்கள்.